'நெகிழ்வுத்தன்மை' அன்று, திருப்புதிறன்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் சென்ற மாதம் நடந்த ஈரல் நோய் விளக்கக் கூட்டத்தில் கொடுத்த தமிழ்த் துண்டறிக்கையில் 'அறிவாற்றல் நெகிழ்வுத்தன்மைக் குறைபாடு' என்ற தொடரை மூன்றாம் முறையாகக் கண்டேன். அருகில் இருந்த தாயார் அவ்வரியில் விரலை வைத்து, "அப்படின்னா எம்மகன் மக்குங்களா, சார்?" என்று கேட்டார்.

இதன் ஆங்கில மூலம் 'காக்னிட்டிவ் ஃபிளெக்ஸிபிலிட்டி'. அறிதல், வளைத்தல் எனும் பொருளுடைய இரு லத்தீன் வினைகளிலிருந்து வந்தது. ஒரு விதியைப் பற்றி ஓடும் எண்ணத்தை, விதி மாறியதும் விட்டு வேறொன்றுக்குத் திருப்புவதே அது. 1912இல் மருத்துவர் கின்னியர் வில்சன் விவரித்த, 'வில்சன் நோய்' எனும் பரம்பரை நோயில், ஏடிபி7பி மரபணுப் பழுதினால் பித்தத்தோடு வெளியேற வேண்டிய செம்பு ஈரலில் தேங்கி, மூளையின் ஆழத்திலும் படிவதால், சிலருக்கு இத்திறன் குன்றுகிறது. சோதனையில் சீட்டுகளை நிறம் பார்த்துச் சேர்க்கப் பழகியவரிடம், அறிவிக்காமலே விதியை வடிவத்துக்கு மாற்றுவார்கள்; 'தவறு' என்று கேட்ட பின்னும் அவர் கை சிவப்போடு சிவப்பையே சேர்த்துக்கொண்டிருக்கும்.

இதற்குப் போய் 'அறிவாற்றல்' என்றால், நம் மக்கள் காதில் அது புத்திசாலித்தனம் என்றுதான் விழும். 'நெகிழ்' இன்னும் மோசம். குறளில் உறுப்புநலன் அழிதல் அதிகாரத்தில் தோள் நெகிழ்கிறது. உருக்கமான பேச்சைக் கேட்டால் நெஞ்சம் நெகிழ்கிறது. எங்கும் தளர்வதும் இளகுவதுமே தவிர, ஒன்றை விட்டு இன்னொன்றுக்குத் திரும்புவது இல்லை. விறைத்துப் போன எண்ணத்தை விளக்க வந்த சொல், எண்ணம் இளகவில்லை என்று குறைபட்டு நிற்கிறது. அதன் வாலில் 'தன்மை' வேறு. ஆங்கிலத்தில் 'இட்டி' என்று முடிந்தால் தமிழில் 'தன்மை' ஒட்ட வேண்டும் என்று மொழிபெயர்ப்பாளர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ! சிலர் பரிந்துரைக்கும் 'மனமாற்றத் திறன்' மதம் மாறுவதையும் கட்சி மாறுவதையும் நினைவூட்டும். 'மாற்றுத்திறன்' வேறொரு பொருளுக்கு ஏற்கெனவே போய்விட்டது.

ஆகவே 'எண்ணத் திருப்புதிறன்' என்பேன். வினைத்தொகை செயற்கையாக ஒலிக்கிறது என்கிறார் நண்பர் ஒருவர். கோப்பிக்கடையில் அவர் நாள்தோறும் கேட்டு வாங்கும் சுடுதண்ணீரும் வினைத்தொகைதான்.

அந்தத் தாயாரிடம், "மக்கு இல்லம்மா, எண்ணத்தைச் சட்டென்று திருப்ப முடியவில்லை" என்றேன். "ஆமாங்க," என்றார் உடனே, "ரோட்டை அடைச்சிருந்த அன்னிக்கு, வேற பாதை தெரிஞ்சும் அங்கேயே நின்னுக்கிட்டு இருந்தான்."