மே மாதத்து ‘பாஸ் அவுட்’

வேலூரில் ‘பாஸ் அவுட்’ ஆக மே மாதத்தைவிடத் தோதான மாதம் கிடையாது. பாகாயத்திலிருந்து காட்பாடி வரை எத்தனையோ பிள்ளைகள் கடைசிப் பரீட்சையை முடிப்பது அப்போதுதான். வெயில் 40 டிகிரியைத் தாண்டி, பஸ்ஸுக்கு நின்றவர் மயக்கம் போட்டு விழுவதும் அப்போதுதான். நமக்கு ‘பாஸ் அவுட்’ என்றால் முதலாவது. அமெரிக்கக்காரருக்கு இரண்டாவது.

என் அண்ணன் மகள் இதை வேலைக்கான வீடியோ பேட்டியில் தெரிந்துகொண்டாள். “ஐ பாஸ்ட் அவுட் இன் 2019” என்றிருக்கிறாள். எதிரே இருந்த அம்மையார் ஒரு கணம் விழித்துவிட்டு, “இப்போது உடம்பு தேவலையா?” என்று கேட்டாராம். “தப்பா சொல்லிட்டேனா சித்தப்பா?” என்று என்னிடம் வந்தாள்.

தப்பில்லை. பிரிட்டிஷ் ராணுவத்தில் பயிற்சியை முடித்து வெளியேறுவதற்கு இதே சொல்தான். சென்னை பரங்கிமலையில் அதிகாரிகள் பயிற்சி முடித்து நடத்தும் அணிவகுப்புக்கு இன்றும் ‘பாசிங் அவுட் பரேடு’ என்றே பெயர். வேலூர்ப் பக்கம் பட்டாளத்துக் குடும்பங்கள் நிறைய. கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே இன்னொரு பெயர் உண்டு. அங்கே போய் இந்தச் சொல்லுக்கு யாரும் அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை. இந்திய ஆங்கிலம் இதைக் கல்லூரிக்கும் நீட்டிக்கொண்டது, அவ்வளவுதான்.

சரி, ஒரே சொல் எப்படிப் பட்டத்தையும் மயக்கத்தையும் குறிக்கிறது? ‘பாஸ்’ என்பதில் தேடினால் விடை கிடைக்காது. விஷயம் ‘அவுட்’டில் இருக்கிறது. அதன் அடிப்படைப் பொருள் வெளியே. படித்து முடித்தவர் வாசலைத் தாண்டி வெளியே போகிறார். மயங்கியவரிடம் வெளியே போவது நினைவு; விளக்கு அணைவதற்கும் ஆங்கிலத்தில் ‘கோ அவுட்’தான். மூன்றாவதாக ஒரு பொருளும் உண்டு. வகுப்பில் வினாத்தாளை எல்லோருக்கும் கொடுப்பதும் ‘பாஸ் அவுட்’. அங்கே தாள் ஆசிரியர் கையிலிருந்து வெளியே போகிறது.

இப்படி ஒரு வினையும் ஒரு குட்டிச் சொல்லும் சேர்ந்து புதுப் பொருள் தருவதுதான் ‘ஃப்ரேசல் வெர்ப்’. பழக்கம் பல நூற்றாண்டுப் பழையது. பெயர் மட்டும் புதிது. 1925-இல் லோகன் பியர்சால் ஸ்மித் அதை அச்சில் பரப்பினார்; யோசனை ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்காரர் ஹென்றி பிராட்லியுடையது என்று அவரே சொல்லியிருக்கிறார்.

வெயிலில் விழுவதை ஆஸ்பத்திரிச் சீட்டில் ‘சின்கோப்பி’ என்று எழுதுவார்கள். சூட்டில் தோலின் ரத்தக்குழாய்கள் விரிகின்றன; அசையாமல் நின்றால் ரத்தம் காலில் தேங்குகிறது; மூளைக்குப் போவது சில நொடிகள் குறைகிறது. விழுந்து படுத்ததும் ரத்தம் திரும்புவதால்தான் பெரும்பாலும் தானாகவே கண் திறக்கிறார்கள். சீட்டில் கிரேக்கச் சொல், கூட வந்தவர் வாயில் ‘பாஸ்ட் அவுட்’. ஆங்கிலத்தில் இப்படி ஜோடிகள் ஏராளம்: எழுத்தில் ‘போஸ்ட்போன்’, பேச்சில் ‘புட் ஆஃப்’, எழுத்தில் ‘டாலரேட்’, பேச்சில் ‘புட் அப் வித்’. நாம் புத்தகத்திலிருந்து கற்றவர்கள். அதனால்தான் நம் பேச்சு ஆங்கிலம் பல சமயம் கலெக்டருக்கு எழுதிய மனு மாதிரி இருக்கிறது.

குட்டிச் சொல்லில்தான் கனம் என்பதற்குக் காதே சாட்சி. ஆங்கிலேயர் ‘பாஸ் அவுட்’ என்னும்போது அழுத்தம் ‘அவுட்’டில் விழும். ‘அதை அணை’ என்பதற்கு ‘டர்ன் இட் ஆஃப்’ என்று ‘இட்’டை நடுவில் நுழைப்பார்கள், ‘டர்ன் ஆஃப் இட்’ என்றால் காதில் உறுத்தும். ஆக, கடைசி இடம் ‘ஆஃப்’புக்கு.

எந்த இலக்கணப் புத்தகமும் சொல்லித்தராமலே தமிழ்க்காது இதைப் பிடித்துவிட்டது. “ஃபேனை ஆஃப் பண்ணு” என்கிறோமே, அந்த ‘டர்ன்’ எங்கே போயிற்று? தூக்கிப் போட்டுவிட்டோம். வினைக்கு நம்மிடம் ‘பண்ணு’ இருக்கிறது. தேவைப்பட்டது ‘ஆஃப்’ மட்டும். ‘ஆன் பண்ணு’, ‘அவுட் ஆனான்’, ‘சார்ஜ் டவுன்’ எல்லாம் இந்தக் கணக்கில்தான்.

தமிழ் இதே வேலையை வினைகளை வைத்தே செய்கிறது. ‘டிரிங்க் அப்’ என்றால் எதுவும் மேலே போவதில்லை, முழுதும் குடி என்றுதான் பொருள். நம் ‘குடித்துவிடு’வில் மட்டும் யார் எதை விடுகிறார்கள்? ‘வந்து தொலை’யில் யாரும் தொலைவதில்லை. லியோனார்ட் டால்மி என்ற மொழியியலாளர் 1985-இல் மொழிகளை இப்படித்தான் பிரித்தார்: போகும் திசையை வினையிலேயே வைப்பவை, பக்கத்துச் சொல்லில் வைப்பவை. ஆங்கிலத்தில் ‘ரேன் அவுட்’. நமக்கு ‘வெளியே ஓடி வந்தான்’ என்று இரண்டு வினை வேண்டும்.

அண்ணன் மகள் இப்போது மின்னஞ்சலில் ‘கிராஜுவேட்டட்’ என்று எழுதுகிறாள். வீட்டில் பழையபடி ‘பாஸ் அவுட்’தான். போன வாரம் ஒரு கேள்வியோடு வந்தாள்: “அது இருக்கட்டும் சித்தப்பா, மயக்கம் ‘போட்டு’ விழுறாங்கன்னு சொல்றோமே, யார் எதை எங்கே போடுறாங்க?”