ஆளைச் சுழற்றுவதா, காரைச் சுழற்றுவதா?

தலைக்கு மேலே காரின் அடிப்பாகம் நகர்ந்து வருகிறது. கீழே நிற்பவர் இரண்டு கைகளையும் உயர்த்தி நாலு போல்ட்டை டைட் செய்கிறார். ஒரு நிமிடத்தில் அடுத்த கார். டீ, சாப்பாட்டு நேரம் போக ஏழரை மணி நேர வேலை என்று வைத்துக்கொண்டால் ஷிஃப்ட் முடிவதற்குள் 450 கார், 1,800 போல்ட். மறுநாளும் அதே 1,800.

1913இல் ஃபோர்டின் ஹைலேண்ட் பார்க் தொழிற்சாலையில் நகரும் அசெம்பிளி லைன் வந்தபோது, பன்னிரண்டரை மணி நேரம் பிடித்த சேசிஸ் (காரின் அடிச்சட்டம்) பூட்டும் வேலை சில மாதங்களில் 93 நிமிடத்துக்கு இறங்கியது. ஆனால் ஆட்கள் நிற்கவில்லை. நூறு இடங்களை நிரப்பி வைக்க அந்த ஓராண்டில் சுமார் 370 பேரைச் சேர்க்க வேண்டியிருந்தது. 1914 ஜனவரியில் தினக்கூலி ஐந்து டாலரானதற்கு இந்த ஓட்டம் முக்கியமான காரணம். கூலிக்காக ஆட்கள் நின்றார்கள். வேலை என்னவோ அப்படியேதான் இருந்தது.

பின்னாளில் பரவிய வைத்தியம்தான் வேலைச் சுழற்சி. ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, பெரும்பாலும் டீ இடைவேளையை ஒட்டி, ஆளின் ஸ்டேஷனை, அதாவது லைனில் அவர் நின்று வேலை செய்யும் இடத்தை, மாற்றிவிடுவார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. உடம்பு என்ன சொல்கிறது?

கையை உயர்த்திப் பிடித்திருக்கும்வரை தோள்தசை சுருங்கியபடியே இருக்கும். இறுகிய தசை தனக்குள் ஓடும் நுண்ணிய ரத்தக் குழாய்களைத் தானே நெரிக்கிறது. ஆக்ஸிஜன் வரத்து குறைகிறது, கழிவு தேங்குகிறது. கையை இறக்கினால் ரத்தம் மறுபடி ஓடும். ஆகவே தோளைப் படுத்தும் ஸ்டேஷனுக்கு அப்புறம் தோளைத் தொடாத ஸ்டேஷன் வர வேண்டும். போல்ட் போட்டவரைக் காருக்குள் ஏற்றிக் கூரையின் உட்துணி பொருத்தச் சொல்லி, அங்கிருந்து அடியில் பிரேக் குழாய் மாட்ட அனுப்பினால் என்ன பயன்? அட்டவணையில் மூன்று வேலை, தோளுக்கு ஒரே வேலை.

லேசான வேலைதானே என்றும் ஏமாந்துவிடக் கூடாது. தசையின் சிறிய இழைகள்தான் முதலில் வேலைக்கு இறங்கும், கடைசியில் ஓயும், கூட்டுக் குடும்பத்து மூத்த மருமகள் மாதிரி. சின்னக் கனெக்டர் சொருகும் வேலையானாலும் அவற்றுக்கு லீவு கிடையாது. சுவீடன் ஆய்வாளர் யோரான் ஹெக் 1991இல் இந்தக் கருத்துக்குச் சிண்டரெல்லா கருதுகோள் என்றே பெயர் வைத்தார்.

கண்ணால் குறை தேடும் ஸ்டேஷனுக்குச் சுழற்சி நல்ல மருந்து. எப்போதாவது இரட்டைத் தாவல் தாவும் கடிகார முள்ளை ஆட்களிடம் கொடுத்துக் கவனிக்கச் சொன்னார் உளவியலாளர் நார்மன் மேக்வொர்த். 1948இல் வெளியான அந்தச் சோதனையில் முதல் அரை மணியிலேயே கவனம் சரிந்தது.

கனமான ஸ்டேஷனில்தான் சிக்கல். ஓரிடத்தில் 20 கிலோ தூக்க வேண்டும், இன்னோரிடத்தில் 5 கிலோ. இருவரையும் மாற்றி மாற்றி நிறுத்தினால் ஆளுக்குச் சராசரி 12.5 கிலோ, பிரச்சினை தீர்ந்தது என்று எக்ஸெல் சொல்லும். முதுகெலும்புக்கு எக்ஸெல் தெரியாது. கம்பியை வளைத்து வளைத்து உடைத்திருப்பீர்கள். லேசாக ஆட்டினால் ஆயிரம் தடவை தாங்கும் கம்பி, நன்றாக மடக்கினால் பத்துப் பதினைந்து தடவையில் துண்டாகிவிடும். தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாணுக்கும், முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் வட்டுக்கும் (டிஸ்க்) இதே சுபாவம்தான் என்று ஆய்வகச் சோதனைகள் காட்டுகின்றன. சுமை இரட்டிப்பானால் சேதம் பல மடங்காகிறது. (உயிருள்ள திசு ஓய்வில் தன்னைச் சரிசெய்துகொள்ளும், கம்பிக்கு அந்த வசதி இல்லை.) அப்படியென்றால் அன்றைய சேதத்தில் பெரும்பங்கு அந்த 20 கிலோவிலிருந்தே வருகிறது. சுழற்றினால் முதல் ஆளின் பங்கு பாதியாகும், சரி. இதுவரை பிழைத்திருந்த இரண்டாமவருக்கு மறுபாதி புதிதாக வந்து சேரும்.

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கார் அசெம்பிளியின் இரண்டு வேலைகளை வைத்து முதுகுவலி அபாயத்தைக் கணக்கிட்டு 2003இல் வெளியிட்டார்கள். அதிலும் இதுதான் தெரிந்தது. கனமான வேலையின் உச்சச் சுமை, ஒருவர் அங்கே கால் வைத்ததுமே அவர் கணக்கில் ஏறிவிடுகிறது.

அட்டவணை போட ஒரு தாள் போதும், ஸ்டேஷனைத் திருத்தப் பணம் வேண்டும். பல இடங்களில் தாளோடு நின்றுவிடுவது அதனால்தானோ என்று எனக்குச் சந்தேகம். அந்த 1,800 போல்ட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். சில கார் ஆலைகளில் பாடியைத் தாங்கி வரும் ஹேங்கரே சுழலும்படி செய்திருக்கிறார்கள். அடிப்பாக வேலை வந்ததும் கார் பக்கவாட்டில் சாய்ந்துகொள்கிறது. ஆள் நிமிர்ந்து நின்றபடி, நெஞ்சு உயரத்தில், போல்ட்டை டைட் செய்கிறார்.