சிக்னிஃபிகன்ட்: 'முக்கியமான' என்று யார் சொன்னது?

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து வீடு வீடாகச் சாப்பாடு அனுப்பும் அண்ணன் ஒருவர் போன் போட்டார். "தம்பி, முக்கியமான வேறுபாடுன்னு போட்டிருக்கீங்களே, இன்னொரு வேன் வாங்கிட்டேன்." அவருடைய டெலிவரியைப் புள்ளியியல் கணக்குப் போட்டு நான் மலாயில் எழுதிய அறிக்கையை வேறு யாரிடமோ கொடுத்துத் தமிழாக்கியிருக்கிறார். அங்கேதான் 'சிக்னிஃபிகன்ட்' 'முக்கியமான' ஆகிவிட்டது. 6,000 நடைகளின் கணக்கு அது. புது வழியில் போனால் சராசரியாக 40 வினாடி மிச்சம். சாம்பார்கூட ஆறாது.

'சிக்னிஃபிகன்ட்' என்ற சொல்லின் மூலம் லத்தீன்: சிக்னும் என்றால் குறி; அதிலிருந்து 'குறி காட்டுவது'. 1885இல் எட்ஜ்வொர்த் என்ற அறிஞர் புள்ளியியலில் ஆண்டதும் இந்தப் பொருளில்தான்: வேறுபாடு எதையோ காட்டுகிறது, தற்செயல் என்று சும்மா விட முடியாது. அது பெரிதா, காசு போடலாமா என்பதெல்லாம் வேறு கேள்வி. அன்றாட ஆங்கிலத்தில் இதே சொல்லுக்கு 'முக்கியமான' என்ற பொருளும் உண்டு. நம் மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்துக்கொள்கிறார்கள். எந்தத் துறை என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை. கேட்டால் கௌரவம் குறைந்துவிடுமோ என்னவோ.

பாடநூல்களில் இதற்கு 'மிகைகாண்' என்று பார்க்கிறோம். தூய தமிழ்தான், சரி. ஆனால் வாடிக்கையாளரிடம் சொல்லிப் பாருங்கள், "கூட்டிச் சொல்றீங்களா?" என்பார். 'பொருளுண்மை' மேல். மலாயில் 'அராஸ் கெஎர்தியான்' (சிக்னிஃபிகன்ஸ் மட்டம்) என்று படித்தவர்களுக்குச் சட்டென்று பிடிபடும். அந்த 'எர்தி' நம் அர்த்தத்தின் உறவுதானே. ஆனால் வியாபாரிக்குப் பொருள் என்றால் சரக்கு, அல்லது பணம். மறுபடியும் வேன் கதைதான். மூலத்தை ஒட்டிக் 'குறி' என்று வைத்தாலோ, கிளி ஜோசியர் வந்து உட்கார்ந்துவிடுவார்.

நான் சொல்வது 'தற்செயல் வரம்பு கடந்த வேறுபாடு'. நீளம்தான். ஆனால் கேட்டவுடன், "வரம்பை யார் போட்டது?" என்பார்கள். கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான். புள்ளியியலாளர் ஃபிஷர் 1925இல் வசதி கருதி எடுத்துக்கொண்ட 5 விழுக்காட்டு வரம்பை இன்னும் கட்டிக்கொண்டு அழுகிறோம். உண்மையில் வேறுபாடே இல்லாவிட்டாலும் இருபதில் ஒரு தடவை தற்செயலாகவே அந்த வரம்பு தாண்டும்.

அண்ணனுக்கு இந்தத் தொடரைப் போட்டு, பக்கத்திலேயே '40 வினாடி' என்றும் எழுதித் திருத்தி அனுப்பினேன். படித்துவிட்டு, "இதை நீங்களே தமிழில் எழுதிக் கொடுத்திருக்கலாமே?" என்றார்.