மல்லிகை வேருக்கடியில் ஒரு சிமென்ட் சாக்கு

வைகாசியில் ஒருநாள் நாகமலைப் புதுக்கோட்டைப் பக்கமிருந்து போன் வந்தது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். தை மாதம் பால் காய்ச்சிப் புதுவீட்டுக்குக் குடிவந்திருக்கிறார்கள். "தம்பி, பன்னெண்டு மல்லிச் செடி வெச்சோம். எல்லாம் மஞ்சப் பூத்துப் போச்சு. உரக்கடையில கேட்டு யூரியாவும் போட்டாச்சு. நீங்க வந்து ஒரு மருந்து எழுதிக் குடுங்க" என்றார்.

போனேன். இலையைப் பார்த்ததுமே பாதி விஷயம் புரிந்தது. நரம்பு பச்சையாக இருக்க, நடுப்பகுதி மட்டும் வெளுத்து மஞ்சளாகியிருந்தது. அதுவும் கொழுந்து இலைகளில்தான். அடி இலை மஞ்சளானால் பெரும்பாலும் தழைச்சத்துக் குறைவு. கொழுந்து இப்படி வெளுத்தால் இரும்புச்சத்து செடிக்குப் போய்ச் சேரவில்லை என்று பொருள். மீதிப் பாதியைப் பார்க்கக் கடப்பாரை கேட்டேன். அரையடி வரைக்கும் நல்ல செம்மண். அதற்குக் கீழே 'ணங்' என்றது. டைல்ஸ் துண்டு, உடைந்த செங்கல், கெட்டிப்பட்ட கலவை, எல்லாவற்றுக்கும் அடியில் கல்லாக இறுகிப்போன ஒரு சிமென்ட் சாக்கு, முழுசாக. வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அந்த வீட்டு அம்மா, "இதுக்கு மேலயா சார் தினம் தண்ணி ஊத்திக்கிட்டு இருந்தேன்?" என்றார்.

மதுரையைச் சுற்றி வீட்டுத் தோட்டம் அமைத்துக் கொடுப்பதுதான் என் தொழில். "என்ன செடி வைக்கலாம்?" என்றுதான் எல்லோரும் பேச்சை ஆரம்பிக்கிறார்கள். என் கணக்கில் செடி கடைசிக் கேள்வி. வீடு கட்டும் அந்த எட்டு, பத்து மாதத்தில் வீட்டைச் சுற்றியுள்ள மண்ணுக்கு என்ன நடந்தது என்பதுதான் முதல் கேள்வி. பெரும்பாலான தோட்டங்கள் அப்போதே செத்துவிடுகின்றன. நாம் பிறகு நாற்றங்காலில் கொண்டுபோய்க் கொடுக்கும் பணம் சவத்துக்குப் போடும் மாலைதான்.

சிமென்டும் சுண்ணாம்பும் கலந்த மண் காரத்தன்மை ஏறிப்போகும். அந்த மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் அதை உறிஞ்ச முடியாது. மல்லி, இட்லிப்பூ, எலுமிச்சை இந்த மூன்றும் முதலில் காட்டிக்கொடுக்கும். அதோடு நம் பக்கத்து போர் தண்ணீர் பல இடங்களில் கடின நீர்; வாளியில் வெள்ளைப் படலம் கட்டுகிற தண்ணீர். அதையே நாள் தவறாமல் ஊற்றினால் காரம் இன்னும் ஏறும். அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம் கரைத்து மாதம் ஒரு முறை இலையில் தெளித்தால் பச்சை திரும்பும். மல்லி விவசாயிகள் செய்வதும் அதுதான். ஆனால் சாக்கு அப்படியேதானே கிடக்கிறது? தெளிப்பதை நிறுத்தினால் மறுபடி மஞ்சள்.

இதில் கொத்தனாரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. கழிவை அள்ளி ஏற்றிக்கொண்டு போக வண்டி வாடகை, கூலி, கொட்ட இடம் எல்லாம் வேண்டும். குழிக்குள் தள்ளி மேலே ஒரு டிப்பர் மண் அடித்தால் வேலை முடிந்தது. ஒப்பந்தத் தாளை எடுத்துப் பாருங்கள்: கதவுக்கு என்ன மரம், குழாய் எந்தக் கம்பெனி, பெயின்ட் எத்தனை கோட்டிங் என்றெல்லாம் எழுதியிருக்கும். இடிபாட்டை யார் அள்ளுவது என்று ஒரு வரி இருக்காது. அந்த ஒரு வரியை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே எழுதி வாங்குங்கள். கடைசித் தவணையில் ஒரு சிறு தொகையை, சுற்றுப்புறத்தை இரண்டடி தோண்டிப் பார்த்த பிறகுதான் தருவேன் என்றும் சொல்லிவிடுங்கள். கொஞ்சம் முகம் சுளிப்பார்கள். பரவாயில்லை.

இன்னும் இரண்டு விஷயம் யாரும் கவனிப்பதில்லை. சென்ட்ரிங் பிரித்த பலகைத் துண்டு, சவுக்குக் கம்பு, மரத்தூள் எல்லாம் அஸ்திவாரத்தை ஒட்டியே புதைந்துவிடும். அது கரையானுக்கு விருந்து. அங்கே தின்று முடித்ததும் அடுத்து உங்கள் நிலைக்கதவுதான். இன்னொன்று, டைல்ஸ் கறை போக ஆசிட் ஊற்றிக் கழுவுவார்களே, அந்தத் தண்ணீர் எங்கே போகிறது? பின்வாசல் வழியாக நேராக மண்ணுக்குத்தான். பெயின்டர் பிரஷ் கழுவுவதும் அதே இடத்தில். ஒரு மூலையைக் காட்டி "கழுவுறதெல்லாம் இங்க மட்டும்" என்று முதல் நாளே சொல்லிவிட்டால், கெட்டுப்போவது அந்த மூலையோடு நிற்கும்.

நானும் யோக்கியன் இல்லை. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வீட்டில் இடிபாடு இருப்பது தெரிந்தும், கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்துவிட்டார்கள் என்று அதன் மேலேயே ஐந்து அங்குலம் மண் பரப்பிப் புல் விரித்தேன். விசேஷத்தன்று பச்சைப் பாய் மாதிரி இருந்தது. எல்லோரும் பாராட்டினார்கள். அடுத்த சித்திரையில் திட்டுத்திட்டாகக் காய்ந்து சொறி பிடித்த நாய் முதுகு போல ஆனது. பணத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. மறு வேலையைக் கூலி இல்லாமல் செய்தேன். இப்போது கடப்பாரை போடாமல் எந்த வீட்டுக்கும் தொகை சொல்வதில்லை.

வீடு இன்னும் ஆரம்பிக்கவில்லை என்றால் நீங்கள் கொடுத்து வைத்தவர். அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டும்போது மேலே உள்ள அரையடி மண்ணைத் தனியாக வழித்து ஒரு மூலையில் குவிக்கச் சொல்லுங்கள். அதில்தான் மட்கு இருக்கிறது, மண்புழு இருக்கிறது. ஜேசிபி ஓட்டுகிறவருக்கு அது அரை மணி நேரக் கூடுதல் வேலை. இல்லாவிட்டால் அடிமண் மேலேயும் மேல்மண் அடியிலும் போய், பிறகு காசு கொடுத்து மண் வாங்குவோம். மண் இங்கே யூனிட் கணக்கு, ஒரு யூனிட் என்றால் 100 கன அடி. செம்மண் என்று வருவதில் பாதி, குன்றைச் சுரண்டிய சரளை. பார்க்கச் சிவப்பாக அழகாக இருக்கும், சத்து இருக்காது. கையில் எடுத்து நனைத்து உருட்டிப் பாருங்கள். உருண்டையாக நின்று, லேசாக அழுத்தினால் உதிர வேண்டும். உருளவே இல்லை என்றால் சரளை. பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டால் களி.

எங்கே வீடு என்பதையும் பார்க்க வேண்டும். மேலூர்ப் பக்கம் செம்மண், தண்ணீர் சீக்கிரம் இறங்கும். சோழவந்தானில் வைகைக் கரை வண்டல், குச்சியை ஊன்றினாலும் துளிர்க்கும் என்பார்கள். திருமங்கலம் தாண்டினால் கரிசல். கரிசலில் வீடு கட்டியவர்களுக்கு மட்டும் கண்டிப்பாக ஒன்று சொல்வேன்: சுவரை ஒட்டிப் பூம்பாத்தி போட்டுத் தினமும் தண்ணீர் விடாதீர்கள். கரிசல் நனைந்தால் ஊதும், காய்ந்தால் வெடிக்கும். ஒரு பக்கம் மட்டும் நனைந்துகொண்டே இருந்தால் அந்தப் பக்கச் சுவரில் விரிசல் வரும். மூன்று, நான்கு அடி தள்ளிப் பாத்தி போட்டு, சுவரோரம் தண்ணீர் வெளிப்பக்கம் ஓடுமாறு சரிவு கொடுங்கள்.

சரிவு என்றதும் மட்டம் பற்றிச் சொல்ல வேண்டும். தெருவில் ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் அது கொஞ்சம் உயர்கிறது. அதற்குப் பயந்து புதுவீட்டுக்காரர் மூன்றடி ஏற்றிக் கட்டுகிறார். பக்கத்துப் பழைய வீடு பள்ளமாகிறது. ஐப்பசி மழையில் சண்டை. நம் ஊரில் எத்தனையோ மனைகள் ஒரு காலத்தில் கண்மாய்ப் பாசன வயல்கள். தண்ணீருக்குப் பழைய வழி மறக்காது. அதனால் வீட்டைச் சுற்றி 10 அடிக்கு 2 அங்குலமாவது வாட்டம் வைத்து, அந்தத் தண்ணீர் போய்ச் சேர உங்கள் மனைக்குள்ளேயே ஓரிடம் ஒதுக்குங்கள். கொத்தனாரிடம் இருக்கும் மட்டக்குழாய் போதும், பெரிய கருவி எதுவும் வேண்டாம்.

மழைநீர் சேகரிப்பைத் தமிழ்நாடு 2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கியது. பிளானில் எல்லோரும் வரைகிறார்கள். குழி தோண்டியவர்களில் பலர் அதையும் மூடி பேவர் பிளாக் பதித்துவிட்டார்கள். ஒரு கணக்குப் போடுவோம். மதுரையில் வருடத்துக்கு ஏறக்குறைய 850 மில்லிமீட்டர் மழை. 1000 சதுர அடி மொட்டை மாடியில் விழுவது சுமார் 79,000 லிட்டர். ஆவியாகிறது, வழிகிறது என்று பாதியைக் கழித்தாலும், 12,000 லிட்டர் லாரி மூன்று வாங்கும் காசு சாக்கடையில் போகிறது. உறிஞ்சுகுழியை அஸ்திவாரத்தை ஒட்டியோ செப்டிக் டேங்குக்குப் பக்கத்திலோ வைக்க வேண்டாம் என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

முற்றிலும் சிமென்ட் பூசுகிறவர்களை நான் திட்டுவதில்லை. பாம்பு வரும், சகதி ஆகும், இலை பெருக்க ஆள் இல்லை என்கிறார்கள். எல்லாம் நியாயம்தான். ஆனால் மேற்குப் பக்கத் தரை முழுக்கச் சிமென்ட் ஆனால் சித்திரை மாதம் இரவு பத்து மணிக்கும் அது சூட்டைக் கக்கும். படுக்கையறையில் ஏசி ஓய்வே எடுக்காது. வண்டி போகும் தடம், நடக்கும் தடம், துணி காயும் இடம் இவற்றுக்கு மட்டும் தளம் போடுங்கள். மற்றது மண்ணாக இருக்கட்டும். சுவரிலிருந்து இரண்டடிக்குச் சுத்தமான ஜல்லி விரித்துச் செடி இல்லாமல் வைத்தால், பாம்பு பயமும் பாதி குறையும்.

புல்தரை கேட்கிறவர்களிடம் விலையைச் சொல்வதில்லை, தண்ணீரைச் சொல்கிறேன். கோடையில் சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர் குடிக்கும். 500 சதுர அடிக்கு 230 லிட்டர், தினமும். சம்பு வற்றும் பங்குனியில் அந்த 230 லிட்டரை எங்கிருந்து எடுப்பீர்கள்? பாதிப் பேர் அங்கேயே மனம் மாறிவிடுவார்கள்.

மரத்துக்கு வருகிறேன். மதுரைக்குக் கடம்பவனம் என்று பேர், மீனாட்சி அம்மன் கோயில் தலமரமும் கடம்பம். அந்த ஆசையில் மூன்று சென்ட் மனையில் கடம்பம் கேட்பவர்கள் உண்டு. அது ஓங்கி வளரும், தண்ணீரும் நிறையக் கேட்கும். கோயிலில் கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் பவளமல்லியோ மகிழமோ வையுங்கள். மேற்கு வெயிலைத் தடுக்கப் புங்கை மாதிரி ஒன்று இல்லை, சுவரிலிருந்து பதினைந்து அடி தள்ளி. தென்னைக்கு 25 அடி வேண்டும். சிறிய மனைக்காரர்கள் மட்டை சோலார் பேனல் மேல் விழுந்த பிறகுதான் இதை ஒப்புக்கொள்கிறார்கள். கறிவேப்பிலை, மாதுளை, சீத்தா, நாரத்தை எல்லாம் எங்கேயும் அடங்கும். முருங்கையை வீட்டு முன்னால் வைக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வதற்குச் சாத்திரம் என்ன காரணம் சொல்கிறதோ, எனக்குத் தெரிந்த காரணம் அதன் கிளை காற்றுக்கு முறியும் என்பதுதான். சுவரோரம் பச்சைத் திரை போலச் சட்டென்று வளரும் கோனோகார்ப்பஸ் மட்டும் யார் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். வேர் குழாய்க்குள் புகுந்துகொள்ளும். குஜராத் 2023-இல் அதை நடுவதற்கே தடை போட்டது.

சரி, தலைமையாசிரியர் வீட்டுக்கு வருவோம். ஆனி முழுக்கத் தோண்டினோம். இரண்டு டிராக்டர் இடிபாடு வெளியே போனது. பிறகு ஓரடிக் குழி வெட்டித் தண்ணீர் நிரப்பி, அது வடிந்ததும் இரண்டாம் முறை நிரப்பிப் பார்த்தோம். இரண்டு மணி நேரத்தில் இறங்கிவிட்டது. மறுநாள் காலை வரை தேங்கி நின்றிருந்தால் இன்னும் ஆழமாகக் கொத்தியிருக்க வேண்டும், லாரி ஏறி இறங்கிய இடமெல்லாம் அப்படித்தான் இறுகியிருக்கும். மண் மாதிரியை எடுத்து ஒத்தக்கடை வேளாண் கல்லூரிப் பக்கம் கொண்டுபோய்ப் பரிசோதிக்கச் சொன்னேன். சார் அதைப் பரீட்சைத் தாள் போலப் பத்திரமாகக் கொண்டுபோனார்.

மண் வாங்க வேண்டாம் என்றும், உடனே செடி வைக்க வேண்டாம் என்றும் சொன்னபோது அம்மாவுக்கு ஏமாற்றம். தையில் குடிவந்து மாசியில் நட்டால் பங்குனி, சித்திரை வெயில் அதைப் பிழைக்க விடாது. ஐப்பசி மழைக்கு முன்னால் நடுவதுதான் நம் ஊருக்கு ஒத்துவரும். அதுவரை சும்மா கிடக்கும் மண்ணில் ஆடிக் கடைசியில் அரைக் கிலோ சணப்பை விதை தூவினோம், பசுந்தாள் உரத்துக்காக வளர்க்கும் செடி அது. நாற்பத்தைந்து நாளில், பூவெடுக்கும் சமயத்தில் அதை வெட்டி மண்ணிலேயே புரட்டிவிட வேண்டும். மூன்று வாரம் மட்க விட்டால், யூனிட் யூனிட்டாக வாங்கும் மண்ணில் கிடைக்காதது கிடைக்கும்.

புரட்டாசியில் மண்வெட்டியோடு போனேன். நெஞ்சுயரத்துக்கு வளர்ந்து, நுனியெல்லாம் மஞ்சளாகப் பூத்து நின்றது. தெருவில் போகிறவர்கள் நின்று என்ன செடி என்று கேட்கிறார்களாம். அம்மா வழியை மறித்துக்கொண்டார். "பூத்து நிக்கிறதப் போயி வெட்டுவாங்களா தம்பி?"

காம்பவுண்டு ஓரம் ஒரு வரிசையை மட்டும் விட்டுவிட்டு மற்றதைப் புரட்டினோம்.