பெயிண்ட் அடிச்ச அலமாரி புடிக்கலையா? உடனே உப்புத்தாளைத் தூக்காதீங்க

மார்த்தாண்டம் பக்கம் இருபது வருஷமா பாலிஷ், பெயிண்ட் வேலை பாக்குறேன். போன ஆனி மாசம், மழை விட்டு விட்டுப் பெய்ஞ்சிட்டு இருந்த நேரம், தக்கலையில இருந்து ஒரு அக்கா போன் பண்ணாங்க. "தம்பி, அம்மம்மா காலத்து அலமாரிக்கு நானே வெள்ளை அடிச்சேன், மூணு கோட்டு அடிச்சும் பாக்க சகிக்கல, நானும் சுரண்டத் தொடங்கிட்டேன், மிச்சத்த நீங்க வந்து பாருங்க."

போய்ப் பாத்தா அலமாரியை விட தரைதான் பயமுறுத்திச்சு. நல்ல அயினி மரத் தடி, மேல பழைய பச்சை எனாமல், அதுக்கு மேல தண்ணி கலக்குற வெள்ளை. உப்புத்தாள் போட்டு காய்ஞ்சபடியே தேய்ச்சதுல வெள்ளையும் பச்சையுமா தூசி, அதுக்கு நடுவுல ஒன்றரை வயசுப் புள்ள தவழுது, கையை வாயில வைக்குது. "அக்கா, முதல்ல புள்ளைய அந்தப் பக்கம் தூக்குங்க, ஃபேனை ஆஃப் பண்ணுங்க"ன்னேன். அவங்களுக்கு மூஞ்சி ஒரு மாதிரி ஆயிட்டு.

விஷயம் என்னன்னா, நம்ம நாட்டுல வீட்டு பெயிண்ட்ல ஈயம் 90 பிபிஎம்-க்கு (பத்து லட்சம் பங்குல 90 பங்கு) மேல இருக்கக் கூடாதுன்னு ரூல் வந்தது 2016-ல, நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பர் 1. அதுக்கு முந்தின எனாமல்ல, அதுலயும் பச்சை, மஞ்சள், சிவப்புல, ஈயம் இருக்கும்னு நினைச்சேதான் கைய வைக்கணும். கண்ணால பாத்து சொல்ல முடியாது. அது சின்னப் புள்ளைங்க மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். அதனால பழைய பெயிண்டை காய்ஞ்சபடி தேய்க்கக் கூடாது, சூடு காட்டி உரிக்கவும் கூடாது, புகையா வரும். வாட்டர் பேப்பரை நனைச்சு, நனைச்சு தேய்க்கணும், துணி மாஸ்க் பத்தாது என்95 வேணும், கடைசில வாருகோல் எடுக்காம சோப்புத் தண்ணில ஈரத்துணி போட்டு துடைக்கணும், வேலை செஞ்ச உடுப்பைத் தனியா துவைக்கணும்.

சரி, அந்த வெள்ளை ஏன் கெட்டுச்சு? நகத்தால ஒரு கீறு கீறினேன், நாடா மாதிரி உரிஞ்சு வந்துச்சு, அடியில பச்சை பளபளன்னு சிரிக்குது. மினுமினுப்பு போக தேய்க்காம அதுக்கு மேல அடிச்சா எத்தனை கோட்டு போட்டாலும் பிடிக்காது. ஓரத்துல மட்டும் தடி தெரியுற அளவுக்கு தேய்ச்சிருக்காங்க, அங்கதான் டீ சிந்துன மாதிரி பழுப்புத் திட்டு. அது அழுக்கில்ல, மரத்தோட சாறு, தண்ணி பெயிண்ட் அதை மேல இழுத்துட்டு வந்துடும். அலமாரிக் கதவும் பெயிண்ட்ல ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, அதுக்கு காரணம் மழை. தொட்டா காய்ஞ்ச மாதிரி இருக்கும், உள்ளே இறுக ரெண்டு மூணு வாரம் ஆகும். இவங்க மறுநாளே சாத்திட்டாங்க.

ஆக, முழுசா உரிக்க வேண்டிய அவசியமே இல்ல. உரியுற வெள்ளையை மட்டும் நனைச்சு எடுத்து, பச்சையை ஈரத்துலயே மங்கலாக்கி, காய விட்டு, பழுப்புத் திட்டுல அரக்கை ஸ்பிரிட்ல கரைச்சு ரெண்டு தடவை பூசி, ஆயில் பிரைமர் ஒண்ணு, அப்புறம் மெலிசா ரெண்டு கோட்டு எனாமல்.

ஒண்ணு சொல்லணும். எனாமலுக்கு மேல என்சி லேக்கர் (தின்னர்ல கரைச்சு அடிக்கிற, சட்டுன்னு காயுற மரப் பூச்சு) மட்டும் அடிச்சிராதீங்க. தொழில் பழகுன புதுசுல ஒரு கட்டிலுக்கு நான் அடிச்சேன், பாத்துட்டு நிக்கும்போதே உரிச்ச கோழித்தோல் மாதிரி சுருங்கிப் போச்சு. மொத்தக் காசும் என் கையில இருந்து போச்சு.

அக்காகிட்ட மழை குறையட்டும்னு சொல்லி ஆவணியிலதான் அடிச்சேன், கதவை மூணு வாரம் திறந்தே போடச் சொன்னேன். "அதுவரைக்கும் சேலைய எங்க வைக்க?"ன்னு கேட்டாங்க. கட்டிலுக்கு அடியில வைக்கச் சொன்னேன். புள்ளைக்கு ரத்தத்துல ஈயம் இருக்கான்னு பாக்க டாக்டர்கிட்ட கேளுங்கன்னும் சொல்லிட்டு வந்தேன். மறுநாள் அவங்களே போன் பண்ணி, போயிட்டு வந்தாச்சுன்னாங்க.