சீகன்பால்கு என்னும் குடும்பப் பெயர்: அரிய ஜெர்மானியப் பெயர்கள் பிறப்பதும் அருகுவதும்

1706ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியில் வந்திறங்கி, 1715இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றி முடித்த பர்த்தலோமேயு சீகன்பால்கைத் தமிழ் வாசகர்கள் நன்கு அறிவார்கள். அவருடைய குடும்பப் பெயரைப் பற்றியோ நாம் அதிகம் யோசித்ததில்லை. ஜெர்மனியின் கிழக்குப் பகுதியான சாக்சனியில், லவுசிட்ஸ் நிலப்பரப்பின் ஓரத்தில் உள்ள புல்ஸ்னிட்ஸ் என்னும் சிற்றூரில் தானிய வணிகம் செய்த ஒருவரின் மகனாக அவர் பிறந்தார். முல்லர், ஷ்மிட், ஷ்னைடர் போல நாடெங்கும் நிறைந்து கிடக்கும் பெயர்களுடன் ஒப்பிட்டால் சீகன்பால்கு மிக அரிய பெயர். இத்தகைய ஒரு பெயர் எங்கே, எதனால் பிறந்தது என்பதையும், அதைத் தாங்குவோர் ஏன் இவ்வளவு குறைவு என்பதையும் கண்டறிய மொழியியலும் புள்ளியியலும் கணிதமும் ஒன்றுசேர வேண்டியிருக்கிறது.

ஜெர்மன் மொழி பேசும் பகுதிகளில் 12ஆம் நூற்றாண்டுக்கு முன்பு பெரும்பாலோர்க்கு ஒரே பெயர்தான். நகரங்கள் பெருகி, ஒரே தெருவில் பல யோகான்களும் பல ஹைன்ரிஷ்களும் குடியிருக்க நேர்ந்தபோது, வரி தண்டுவோரும் நீதிமன்ற எழுத்தர்களும் அவர்களைப் பிரித்தறிய ஓர் அடைமொழியைச் சேர்த்து எழுதலானார்கள். தெற்கிலும் மேற்கிலும் இருந்த நகரங்களில் தொடங்கிய இவ்வழக்கம் சிற்றூர்களையும் வடக்கையும் எட்டுவதற்குச் சில நூற்றாண்டுகள் பிடித்தன. வடமேற்குக் கடலோரமான கிழக்கு ஃப்ரீஸ்லாந்தில், தந்தையின் பெயரையே தலைமுறைதோறும் மாற்றிச் சூட்டும் முறை நெப்போலியனின் 1811ஆம் ஆண்டு ஆணை வரையிலும், அதற்குப் பின்னரும்கூட நீடித்தது. அடைமொழிகள் ஐந்து ஊற்றுகளிலிருந்து வந்தன: தந்தையின் பெயர், தொழில், வந்த ஊர், வீடு இருந்த இடம், உடல் அல்லது குணத்தைக் குறிக்கும் பட்டப்பெயர். ஒருவருடைய வாழ்நாளோடு முடிந்துவிட வேண்டிய இந்த அடைமொழி மகனுக்கும் பேரனுக்கும் தானாகவே சென்றடைந்த கட்டத்தில்தான் அது குடும்பப் பெயர் ஆயிற்று.

சீகன்பால்கு என்பதை ஜெர்மானியர் ஏறத்தாழ 'ட்சீகன்பல்க்' என்று ஒலிப்பார்கள். அதன் முற்பகுதி வெள்ளாட்டைக் குறிக்கும் 'ட்சீகெ'. பிற்பகுதியான 'பல்க்' விலங்கின் உடலிலிருந்து கிழிக்காமல் முழுதாக உரித்தெடுத்த தோலைக் குறிக்கும். கொல்லன் பட்டறைத் துருத்திக்கு ஜெர்மனில் வழங்கும் பெயரிலும் இதே 'பல்க்' இருக்கிறது. ஆகவே நேர்ப்பொருள் 'வெள்ளாட்டுத் தோல்' என்பதாகும். ஆனால் அகராதியைப் புரட்டி நேர்ப்பொருளைக் கண்டவுடன் வேலை முடிந்தது என்று எண்ணுவதே பெயராய்வில் அடிக்கடி நிகழும் பிழை. ட்சீகன்ஹால்ஸ் என்றொரு பெயர் உண்டு. சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'வெள்ளாட்டுக் கழுத்து'. கழுத்து நீண்ட ஒருவருக்கு வைத்த பட்டப்பெயர் என்று யாரும் நினைக்கக்கூடும். இன்று பெரும்பகுதி போலந்தில் உள்ள சைலீசியாவிலும் பெர்லினுக்குத் தென்கிழக்கிலும் ட்சீகன்ஹால்ஸ் என்ற ஊர்களே இருந்ததைப் பார்க்கும்போது, அவ்வூர்களிலிருந்து வந்தவர்களின் பெயர் அது என்னும் விளக்கம் முன்னுக்கு வந்துவிடுகிறது. அதனால் எந்தப் பெயரை ஆராய்ந்தாலும் அப்பெயரில் ஊர், வயல், வீடு ஏதேனும் இருந்ததா என்பதை முதலில் தேடிப் பார்ப்பார்கள். வீடும் பெயர் தரும் என்பதற்கு அச்சுக்கலையின் முன்னோடி யோகான்னஸ் குட்டன்பெர்க்கே சான்று. அவருடைய தந்தைவழிக் குடும்பம் 'கென்ஸ்ஃப்ளைஷ்', அதாவது 'வாத்து இறைச்சி', என்று அறியப்பட்டது; மைன்ட்ஸ் நகரில் அக்குடும்பத்தார் வாழ்ந்த மாளிகையின் பெயர்தான் உலகம் அறிந்த பெயராக நிலைத்தது.

அடுத்ததாகச் சொல்லின் நிலவியல் உதவிக்கு வருகிறது. வெள்ளாட்டுக்கு 'ட்சீகெ' என்பது இன்று பொது ஜெர்மன் சொல் என்றாலும், பெயர்கள் உருவான காலத்தில் அது கிழக்கு, நடு ஜெர்மனிக்கு உரிய வழக்கு. தெற்கில் வெள்ளாடு 'கைஸ்' எனப்பட்டது. பவேரியாவிலும் சுவிட்சர்லாந்திலும் இன்றும் பேச்சு வழக்கில் அப்படித்தான். மார்ட்டின் லூத்தர் தம் விவிலிய மொழிபெயர்ப்பில் கையாண்ட கிழக்குச் சொற்கள் பல தெற்கத்திய வாசகர்களுக்குப் புரியாததால், பாசல் நகர அச்சகத்தார் ஆடம் பெட்ரி 1523இல் தம் பதிப்புடன் ஒரு சொற்பட்டியலையே இணைக்க வேண்டியிருந்தது. ஆகவே 'கைஸ்' என்று தொடங்கும் பெயர் தெற்கை நோக்கியும், 'ட்சீகன்' என்று தொடங்கும் பெயர் கிழக்கை நோக்கியும் கைகாட்டுகின்றன. புல்ஸ்னிட்ஸ் இருப்பது சரியாக இரண்டாவது பகுதியில். தொழிற்பெயர்களும் இப்படியே பகுதிக்குப் பகுதி மாறும். குயவர் கிழக்கில் டோப்ஃபர், தெற்கில் ஹாஃப்னர், ஹெஸ்ஸன் பக்கம் ஆய்லர். கசாப்புக்காரர் கிழக்கில் ஃப்ளைஷர், தெற்கில் மெட்ஸ்கர். குடும்பம் பல தலைமுறைகளுக்கு முன்பே ஊர் மாறியிருந்தாலும் பெயரில் பழைய வட்டாரச் சொல் அப்படியே தங்கிவிடுகிறது என்பதே இத்துறையின் பெரும் பலம்.

தோலைப் பெயராகப் பெற்ற முதல் மனிதர் யார்? ஜெர்மன் பெயர்களில் மறைமுகத் தொழிற்பெயர் என்றொரு வகை மிகப் பெருக்கம். ஒருவரைத் தொழிலால் அழைக்காமல் அவர் கையாளும் பொருளாலேயே அழைத்துவிடுவது அது. கசாப்புக்காரருக்கு 'ரிண்ட்ஃப்ளைஷ்' (மாட்டிறைச்சி) என்றும், மீன் வறுத்து விற்பவருக்கு 'பிராட்ஃபிஷ்' (வறுத்த மீன்) என்றும் பெயர் வந்தது இவ்வழியில்தான். வெள்ளாடு, செம்மறி ஆகியவற்றின் தோலைப் படிகாரமிட்டு வெண்மையாகப் பதனிடுவோர் தனித் தொழிலாளர்களாக இருந்தார்கள். அவர்களுடைய நேரடித் தொழிற்பெயர் 'வைஸ்கெர்பர்'. அவர்களில் ஒருவரையோ, அவர்களுக்குத் தோல் விற்ற வணிகர் ஒருவரையோ அக்கம்பக்கத்தார் 'வெள்ளாட்டுத் தோல்' என்று அழைத்திருக்க வாய்ப்பு அதிகம் என்பது என் கணிப்பு. எனினும் 'பல்க்' என்பது முழுதாக உரித்த தோல் என்பதை மறந்துவிடக் கூடாது. முழுத்தோல் தேவைப்படும் பொருள்கள் பை, துருத்தி, தோற்பையில் காற்றை நிரப்பி இசைக்கும் பைக்குழல் ஆகியவை. லவுசிட்ஸில் வாழும் சோர்பியர் என்னும் சிலாவிய மக்கள் முழு ஆட்டுத்தோலால் செய்த பைக்குழலை ஆட்டுக்கடாவின் பெயராலேயே 'கோசொவ்' என்று அழைக்கிறார்கள்; ஜெர்மானியர் அதையே 'போக்' என்கிறார்கள், அதுவும் ஆட்டுக்கடாதான். இந்த வட்டாரத்தில் பிறந்த பெயருக்கு இவ்விளக்கத்தையும் எளிதில் தள்ளிவிட முடியாது. தீர்ப்புச் சொல்ல வேண்டியது அகராதியன்று. பெயர் முதன்முதலில் தலைகாட்டும் ஏடு. சாக்சனியில் துருக்கியர் போருக்காக 16ஆம் நூற்றாண்டில் தண்டிய வரியின் பட்டியல்களிலோ நகர ஏடுகளிலோ பெயருக்கு அருகில் தொழிலும் எழுதப்பட்டிருந்தால், அந்த ஒரு வரி மற்ற எல்லா ஊகங்களையும் விட மதிப்பு மிக்கது.

அந்த வரியைத் தேடிக் கண்டுபிடிப்பது எளிதன்று. குடிமைப் பதிவு அலுவலகங்கள் 1876இல் பேரரசு முழுவதும் இயங்கத் தொடங்கும் வரை பெயரின் எழுத்துக்கூட்டு பெரும்பாலும் எழுத்தரின் காதைப் பொறுத்தே அமைந்தது. சாக்சனிப் பேச்சில் 'ப'கரத்தின் வல்லொலியும் மெல்லொலியும் ஒன்றாகிவிடுகின்றன. 'க'கரமும் 'த'கரமும் அப்படியே. தமிழ் எழுத்தில் 'ப' என்னும் ஒரே குறி 'பால்' என்பதற்கும் 'அன்பு' என்பதற்கும் போதுமானதாக இருப்பதை அறிந்த நமக்கு இதைப் புரிந்துகொள்வதில் தடையில்லை. ஆனால் இரு ஒலிகளுக்கும் தனித்தனி எழுத்து வைத்திருக்கும் ஒரு மொழியின் எழுத்தருக்கு அது தீராத குழப்பம். மேலும் மனைவி, மகள் ஆகியோரின் குடும்பப் பெயருக்குப் பின் 'இன்' என்னும் பெண்பால் விகுதியைச் சேர்த்து எழுதும் வழக்கம் 18ஆம் நூற்றாண்டிலும் இருந்தது. இந்தச் சிக்கலுக்காக ஹான்ஸ் யோஆகிம் போஸ்டல் 1969இல் 'கொலோன் ஒலிமுறை' என்னும் குறியீட்டை வெளியிட்டார். அதில் தொடக்கத்தில் வரும் உயிரெழுத்தைத் தவிர மற்ற உயிர்கள் நீங்கிவிடும். ஒலியால் நெருங்கிய மெய்கள் ஒரே எண்ணைப் பெறும். பகர ஒலிகள் இரண்டும் 1, ககர ஒலிகள் 4, லகரம் 5, னகரமும் மகரமும் 6, 'ட்ச' ஒலிக்கான எழுத்து 8. சீகன்பால்குக்கு இம்முறையில் கிடைக்கும் எண் 846154. யாரேனும் 'ட்சிகென்பால்க்' என்று குறுக்கியோ, 'பல்க்' என்பதை வல்லொலிப் பகரத்தோடோ, ஈற்றைக் ககர இரட்டையாகவோ எழுதியிருந்தாலும் அதே 846154 தான் வரும். லட்சக்கணக்கான ஞானஸ்நானப் பதிவுகளைக் கணினி இவ்வெண்ணால் சலித்தெடுக்கும்போது, எழுத்தில் சிதறிய ஒரே குடும்பம் மீண்டும் ஓரிடத்தில் கூடுகிறது.

இனி எண்ணிக்கையைப் பார்க்கலாம். ஜெர்மனியின் குடும்பப் பெயர்களை அளவிட ஆய்வாளர்கள் பெரிதும் நம்பியிருப்பது தொலைபேசிப் பட்டியல். ஃப்ரைபர்க், மைன்ட்ஸ் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து உருவாக்கி, 2009 முதல் பல தொகுதிகளாக வெளிவந்த ஜெர்மானியக் குடும்பப் பெயர் வரைபட நூல், ஜெர்மன் டெலிகாம் நிறுவனத்தின் 2005ஆம் ஆண்டுத் தரைவழி இணைப்புகளை அடிப்படையாகக் கொண்டது. அதற்குப் பின் கைப்பேசி பெருகி, பலர் பட்டியலில் இடம்பெறாமலே போனதால், அவ்வாண்டின் தரவு பிற்காலத் தரவுகளைவிட முழுமையானது. ஓர் இணைப்பு ஒரு வீட்டைக் குறிப்பதால், இணைப்புகளின் எண்ணிக்கையை 2.5 முதல் 3 வரையிலான ஓர் எண்ணால் பெருக்கி ஆட்களின் தொகையை மதிப்பிடுவார்கள். அவ்வாறு பார்த்தால் முல்லர் என்னும் பெயரை மட்டும் ஏறத்தாழ 7 லட்சம் பேர் தாங்குகிறார்கள். மறுபுறம், அத்தரவில் கிடைத்த தனித்தனிப் பெயர்கள் சுமார் 8,50,000; பத்து இணைப்புகளையாவது எட்டியவை அவற்றில் கால்பங்கு அளவே, அதாவது சுமார் 2 லட்சம். மைன்ட்ஸ் அறிவியல் கழகம் 2012இல் தொடங்கிய மின்னணுக் குடும்பப் பெயர் அகராதி இந்த 2 லட்சம் பெயர்களை விளக்குவதையே இலக்காகக் கொண்டிருக்கிறது. மிகச் சில பெயர்களிடம் மிகப் பல மக்களும், மிகப் பல பெயர்களிடம் விரல்விட்டு எண்ணத்தக்க மக்களும் இருப்பது எல்லா நாட்டுக் குடும்பப் பெயர்களிலும் காணப்படும் பரவல் முறை.

முல்லர் என்றால் மாவு ஆலைக்காரர். அப்பெயர் பெருகியதற்குக் காரணம் தெளிவு: ஊருக்கு ஊர் ஆலை இருந்தது, ஆலைக்கு ஓர் ஆலைக்காரர் இருந்தார், எனவே அப்பெயர் ஆயிரக்கணக்கான இடங்களில் தனித்தனியே முளைத்தது. அரிய பெயரோ பெரும்பாலும் ஓரிடத்தில், ஒருவரிடமிருந்து பிறக்கிறது. அப்படிப் பிறந்த பெயர் ஏன் பெருகவில்லை என்ற கேள்விக்குக் கணிதம் தரும் விடை நம் எதிர்பார்ப்புக்கு மாறானது. ஆங்கிலேய அறிஞர் பிரான்சிஸ் கால்டன் 1873இல் இதை ஒரு கணக்காக எழுப்பினார். ஹென்றி வில்லியம் வாட்சன் விடை எழுத, இருவரும் 1874இல் கூட்டாக வெளியிட்டார்கள். பிரான்சின் பியனைமே 1845லேயே இதே சிக்கலைத் தொட்டிருந்தார் என்பது பிற்காலத்தில்தான் தெரியவந்தது. நூறு ஆண்கள், நூறு வெவ்வேறு பெயர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வோர் ஆணுக்கும் சராசரியாக ஒரு மகன். ஆனால் உண்மையில் சிலருக்கு மகனே இருக்கமாட்டார், சிலருக்கு இருவர் அல்லது மூவர் இருப்பார்கள். தற்செயலாக நிகழ்பவற்றின் எண்ணிக்கை சராசரியைச் சுற்றி எப்படிச் சிதறும் என்று சொல்லும் பாய்சான் பரவலை இந்த ஏற்றத்தாழ்வு பின்பற்றுமானால், முதல் தலைமுறையிலேயே சுமார் 37 பெயர்கள் அழிந்துவிடும். ஐந்தாம் தலைமுறையில் அழிந்தவை 73. பத்தாம் தலைமுறையில், அதாவது ஏறக்குறைய 300 ஆண்டுகளில், 84. ஆண்களின் மொத்தத் தொகை நூறை ஒட்டியே இருக்க, மிஞ்சிய 16 பெயர்களை அவர்கள் பங்கிட்டுக்கொள்கிறார்கள். பெயருக்குச் சராசரி ஆறு பேர். இங்கே யாரும் தாழ்ந்த குடியில்லை, யாருக்கும் நோயோ வறுமையோ கூடுதலாக இல்லை. தற்செயல் மட்டுமே போதுமானதாக இருக்கிறது. மக்கள்தொகை வளர்ந்தாலும் ஆபத்து நீங்குவதில்லை. சராசரி 1.2 மகன்கள் என்று உயர்த்திக் கணக்கிட்டாலும், ஓர் ஆணிடம் தொடங்கும் பெயர் என்றேனும் அழிந்துபோவதற்கான வாய்ப்பு 69 விழுக்காடு. எல்லாப் பெயரும் அழியும் என்று வாட்சன் முடிவுகட்டியது தவறு என்பதையும், சராசரி ஒன்றுக்கு மேற்பட்டால் தப்பிப் பிழைக்கும் வாய்ப்பு உண்டு என்பதையும் 1930இல் டென்மார்க்கின் ஸ்டெஃபென்சன் முறையாக நிறுவினார்.

எனவே அரிய பெயர் ஒன்று நம் காலம்வரை வந்து சேர்ந்திருப்பதே, அதனுடன் பிறந்த பல பெயர்கள் மறைந்த பாதையில் அது மட்டும் தப்பியதன் விளைவு. உண்மை வரலாறு இந்தக் கணக்கைவிடக் கடுமையானது. 1618 முதல் 1648 வரை நடந்த முப்பதாண்டுப் போரில் போரும் கொள்ளைநோயும் ஜெர்மனியின் சில பகுதிகளில் பாதிக்கும் மேற்பட்ட மக்களைக் கொண்டுபோயின. பத்துப் பேர் மட்டுமே தாங்கிய பெயர் அத்தகைய ஓர் ஊரில் இருந்திருந்தால் அது ஒரே கோடையில் முடிந்துபோயிருக்கும். முல்லருக்கு அந்த அச்சம் இல்லை.

அரிய பெயரின் இந்த வலுவின்மைதான் ஆய்வாளருக்கு அதை விலைமதிப்பற்றதாக்குகிறது என்று நான் கருதுகிறேன். முல்லர்களின் பரவலை வரைபடத்தில் இட்டால் நாடு முழுவதும் நிறம் படியும். அதிலிருந்து யாருடைய மூதாதையரும் எங்கிருந்து வந்தார் என்று சொல்ல முடியாது. அரிய பெயரை மாவட்டவாரியாக, மக்கள்தொகை விகிதத்தில் இட்டுப் பார்த்தால், பெரும்பாலும் ஓரிரு மாவட்டங்களே அடர்ந்து தெரியும். பெயர் பிறந்த இடம் அவ்வட்டாரத்திலேயே இருக்கும். மரபியலும் இதை உறுதிப்படுத்துகிறது. இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் டூரி கிங்கும் மார்க் ஜோப்லிங்கும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் செல்லும் ஒய் குரோமோசோமை 40 பிரிட்டானியக் குடும்பப் பெயர்களில் ஒப்பிட்டார்கள். பெயர் அரிதாக அரிதாக, அதைத் தாங்கும் ஆண்களின் குரோமோசோம்கள் ஒன்றுபோல் இருப்பது கூடியது. மிகப் பொதுவான பெயர்களில் அத்தகைய ஒற்றுமை ஏறத்தாழ இல்லை.

வரைபடம் பொய் சொல்லும் இடமும் உண்டு. 1945ஐ ஒட்டிய ஆண்டுகளில் சைலீசியா, பொமரேனியா, கிழக்குப் பிரஷ்யா முதலிய கிழக்குப் பகுதிகளிலிருந்து ஒரு கோடிக்கும் மேற்பட்ட ஜெர்மானியர் வெளியேற்றப்பட்டு, மேற்கிலும் நடுவிலும் சிதறிக் குடியேறினார்கள். ஆகவே 2005ஆம் ஆண்டுத் தரவில் சைலீசியப் பெயர் ஒன்று மையமே இல்லாமல் தூவிக் கிடக்கும். சில வேளை அகதிகள் பெருந்திரளாக இறங்கிய ஒரு மாவட்டம் அதன் பிறப்பிடம் போலத் தோற்றமளிக்கும். இதைச் சரிசெய்ய, கணினிவழி வம்சாவளி ஆர்வலர்களின் சங்கம் மின்னணுவாக்கிய முதல் உலகப் போர் இழப்புப் பட்டியல்கள் பயன்படுகின்றன. மாண்டோர், காயமுற்றோர், காணாமற்போனோர் என எண்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகள் அவற்றில் உள்ளன. பல பதிவுகளில் பிறந்த ஊரும் குறிக்கப்பட்டிருக்கிறது. 1945க்கு முந்தைய ஜெர்மனியின் பெயர் நிலவியல் அவ்வாறு திரும்பக் கிடைக்கிறது.

கால்டனின் கணக்கு பெயர் ஆண்வழியில் மட்டுமே செல்லும் என்ற அடிப்படையில் அமைந்தது. ஜெர்மனியில் அந்த அடிப்படையும் தளர்ந்துவிட்டது. தம்பதியர் மனைவியின் பெயரையே பொதுப் பெயராகத் தேர்ந்துகொள்ள 1976ஆம் ஆண்டுச் சட்டம் வழிவிட்டது. 1994 முதல் இருவரும் தத்தம் பெயரையே வைத்துக்கொள்ள முடிகிறது. 2025 மே 1 முதல் இருவரின் பெயரையும் இணைத்த இரட்டைப் பெயரைத் தம்பதியரும் பிள்ளைகளும் தாங்கலாம். ஒரு பெயரைத் தாங்கும் கடைசித் தலைமுறையில் மகள்கள் மட்டுமே இருந்தால், முன்பு பெயர் அங்கேயே முடிந்துவிடும். இன்று அவர்கள் விரும்பினால் அது தொடரும்.