யார் தலையில் கட்டுவது?

8 கோர் (பிராசசருக்குள் கணக்குப் போடும் தனித்தனிப் பகுதிகள்), 32 ஜிபி மெமரி உள்ள ஒரு சர்வர் சும்மா இருக்கிறது. 7 கோரும் 4 ஜிபியும் கேட்டு ஒரு வேலை, அதாவது ஓட வேண்டிய ஒரு மென்பொருள், வருகிறது. இடம் இருக்கிறதே என்று உள்ளே விட்டாயிற்று. இப்போது மீதி 1 கோர், 28 ஜிபி. முக்கால்வாசிக்கு மேல் மெமரி காலிதான். ஆனால் ஒரே ஒரு கோரை வைத்துக்கொண்டு 28 ஜிபி கேட்கும் வேலை எப்போது வரும்? பெரும்பாலும் வராது. அந்த மெமரி அப்படியே முடங்கிக் கிடக்கும்.

டேட்டா சென்டர்களில் இப்படி ஆயிரக்கணக்கான சர்வர்கள் இருக்கின்றன. எந்த வேலையை எந்தச் சர்வர் தலையில் கட்டுவது என்று முடிவெடுக்கும் மென்பொருளுக்கு ஷெட்யூலர் என்று பெயர். கூகுள் தனக்காக உருவாக்கிக்கொண்டது போர்க். அதில் கிடைத்த அனுபவத்தை வைத்து 2014-இல் வெளியிட்ட திறந்தமூல மென்பொருள்தான் குபெர்னெட்டீஸ். கிரேக்க மொழியில் அதற்குச் சுக்கான் பிடிப்பவர் என்று பொருள்.

வேலை செய்யும் முறை கேட்க எளிது. முதலில் வடிகட்டல்: கேட்ட அளவு மெமரி இல்லாத சர்வர், தேவையான ஜிபியு (படங்களுக்கும் பெருங்கணக்குகளுக்குமான தனிச் சில்லு) இல்லாத சர்வர் எல்லாம் விலகும். அப்புறம் மிஞ்சியவற்றுக்கு மதிப்பெண். அதிக மதிப்பெண் வாங்கிய சர்வருக்கு வேலை போகும்.

சிக்கல் முழுக்க அந்த மதிப்பெண்ணில்தான். வேலைகளை எல்லாச் சர்வர்களிலும் பரவலாகப் போட்டால், திடீரென்று சுமை ஏறும்போது ஒவ்வொன்றிலும் கொஞ்சம் இடம் இருக்கும். ஆனால் நாளைக்கு ஒரு பெரிய வேலை வந்தால் எங்கேயும் முழுசாக இடம் கிடைக்காது. நெருக்கி அடுக்கினால் பெரிய வேலைக்கு இடம் மிஞ்சும், ஆனால் நெருக்கியவை மூச்சுத் திணறும். போர்க்கில் இந்த இரண்டையும் விட்டு மூன்றாவது வழிக்குப் போனார்கள்: முடங்கிக் கிடக்கும் மிச்சம் எதில் குறைவோ, அந்தச் சர்வருக்கு அதிக மதிப்பெண். நெருக்கி அடுக்கும் முறையைவிட இது 3 முதல் 5 சதவீதம் நன்றாக அடுக்கியதாக 2015-இல் வெளியான அவர்களுடைய ஆய்வுக் கட்டுரை சொல்கிறது. சில பத்தாயிரம் சர்வர்கள் வைத்திருப்பவருக்கு அது சின்ன எண் இல்லை.

மிகச் சிறந்த அடுக்கையே கண்டுபிடித்துவிடலாமே என்றால், முடியாது. வெவ்வேறு அளவுப் பொருள்களை மிகக் குறைந்த பெட்டிகளில் அடைக்கும் கணக்கு இது. எந்த நிலையிலும் வேகமாகச் சரியான விடை தரும் வழி இன்றுவரை யாரிடமும் இல்லை. எனவே ஷெட்யூலர்கள் தெரிந்தே அரைகுறையாகத் தேடுகின்றன. 5000 சர்வர் உள்ள கூட்டத்தில் ஏறக்குறைய 10 சதவீதம் பொருத்தமானவை கிடைத்ததும் குபெர்னெட்டீஸ் தேடலை நிறுத்திவிடும். போர்க்கும் சர்வர்களைக் கண்டபடி ஒரு வரிசையில் பார்த்து, போதுமான அளவு கிடைத்ததும் நின்றுவிடும். ஒருமுறை போட்ட மதிப்பெண்ணை நினைவில் வைத்துக்கொள்ளும். ஒரே மாதிரியான வேலைகளை ஒரே வேலையாகக் கணக்கிடும். இந்தக் குறுக்குவழிகளோடு ஒரு கூட்டத்தின் அத்தனை வேலைகளையும் முதலிலிருந்து அடுக்கச் சில நூறு விநாடிகள் போதும். அவற்றை அணைத்துப் பார்த்தபோது மூன்று நாளுக்கு மேல் ஆகியும் வேலை முடியவில்லை.

பல ஷெட்யூலர்கள் ஒரே நேரத்தில் முடிவெடுத்தால் இன்னொரு தலைவலி. இருப்பதிலேயே காலியான சர்வர் எது என்று எல்லோரும் பார்ப்பார்கள். எல்லோரிடமும் இருப்பது சற்றுமுன் எடுத்த பழைய கணக்கு. எல்லோரும் ஒரே சர்வரின் மேல் விழுவார்கள். இதற்கு ஒரு மருந்து இருக்கிறது, நம்பவே தோன்றாத அளவுக்கு எளிமையானது. கண்ணை மூடிக்கொண்டு இரண்டு சர்வர்களைத் தொடுங்கள், அவற்றில் சுமை குறைந்ததில் போடுங்கள், அவ்வளவுதான். பத்து லட்சம் வேலைகளைப் பத்து லட்சம் சர்வர்களில் குருட்டாம்போக்கில் எறிந்தால், மிக மோசமான சர்வரில் எட்டோ ஒன்பதோ சேரும். இரண்டைத் தொட்டு ஒன்றைத் தேர்ந்தால் அது நான்காகக் குறைகிறது. மூன்றைத் தொட்டால் அதற்கு மேல் பெரிதாக லாபமில்லை.

இதிலெல்லாம் நான் இதுவரை சொல்லாத ஓட்டை ஒன்று உண்டு. வேலைக்கு எவ்வளவு வேண்டும் என்று சொல்வது மனிதர்கள். எதற்கும் இருக்கட்டும் என்று கூடுதலாகத்தான் கேட்போம், நானும் கேட்டிருக்கிறேன். போர்க் அந்தப் பேச்சை முழுதாக நம்புவதில்லை. வேலை உண்மையில் எவ்வளவு பயன்படுத்துகிறது என்று கவனித்து, மிச்சத்தை அவசரமில்லாத வேலைகளுக்குக் கொடுத்துவிடும். சராசரியான ஒரு கூட்டத்தில் ஏறக்குறைய 20 சதவீத வேலைகள் இப்படிப் பிடுங்கிய இடத்தில்தான் ஓடின. உரியவர் திரும்பக் கேட்டால்? பிராசசர் நேரம் என்றால் மெதுவாக்கிச் சமாளிக்கலாம். மெமரியை அப்படிச் சுருக்க முடியாது, அவசரமில்லாத வேலையைக் கொன்றுதான் ஆக வேண்டும்.

சர்வர்கள் பல ஊர்களில் இருந்தால் தூரமும் கணக்கில் சேரும். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது. 1000 கிலோமீட்டர் போய்வர 10 மில்லிவிநாடி. ஒரு பக்கத்தைக் காட்ட டேட்டாபேஸிடம் ஒன்றன்பின் ஒன்றாக 50 கேள்வி கேட்க வேண்டுமென்றால் அரை விநாடி வழியிலேயே போய்விடும். எனவே பக்கத்தைக் காட்டும் வேலையையும் டேட்டாபேஸையும் அருகருகே வைக்க வேண்டும். தரவை நகர்த்தலாம் என்றால், 10 டெராபைட்டை விநாடிக்கு 1 ஜிகாபிட் இணைப்பில் அனுப்ப 22 மணி நேரம் ஆகும். தரவு இருக்கும் இடத்துக்கு வேலையை அனுப்புவதே சுலபம்.

கடைசியாக, சர்வர் ஒன்று பதில் சொல்வதை நிறுத்தும்போது. செத்துவிட்டதா, வலையமைப்பு அறுந்ததா? வெளியிலிருந்து இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். வேறு அமைப்பு எதுவும் செய்யாவிட்டால் குபெர்னெட்டீஸ் 5 நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு, அதன் வேலைகளை வேறிடத்தில் தொடங்கும். சாதாரண வெப்சர்வருக்கு இது போதும். பழையது உயிரோடிருந்து இரண்டு பிரதிகள் ஓடினாலும் பெரிய நஷ்டமில்லை. டேட்டாபேஸ் அப்படியில்லை, இரண்டு பிரதிகளும் தானே அசல் என்று எழுதத் தொடங்கினால் தரவு கெட்டுவிடும். அதனால் அத்தகைய வேலைகளுக்கு ஷெட்யூலர் மாற்றிடம் தேடாமல் நிற்கும். அந்தச் சர்வர் திரும்பி வர வேண்டும், அல்லது யாராவது ஒருவர் எழுந்துவந்து, அது செத்துவிட்டது என்று உறுதிசொல்ல வேண்டும்.